பெட்டிக்குள் விழுந்த நீளக்கை

அன்று அந்த அறையில் நீ, நான், நம் அண்ணன் தங்கராஜ், என் வீட்டுக்காரர். நாலே பேர். வேறு யாராவது பார்த்ததாகச் சொன்னால் பொய்.

இன்று டிவியில் இரண்டு இரும்புப் பொம்மைகள் ஒன்றையொன்று நொறுக்க, பேத்தி கைதட்டினாள். அணைக்கச் சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன், தம்பி. பிழை இருக்கும். மறதி இருக்காது.

தொண்ணூறுகளில் பாறசாலை வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து, அதற்குள் திரையில் தானாக அசையும்படி கட்டைகட்டையாய் உடம்புகள் செய்தாய். நீளக்கை ஒரு கூட்டம், குட்டைக்கை ஒரு கூட்டம். நடுவில் கிடக்கும் பாரத்தைத் தள்ளியதுகளுக்கு மட்டும் பிள்ளை பிறக்கும். பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் மாறியிருக்கும். போகப்போக நீளக்கைகள் பக்கத்தில் வந்ததையெல்லாம் அடித்தன, அடித்த வேகத்தில் தாமே விழுந்தன. குட்டைக்கைகள் ஒட்டி நின்று தள்ளின.

"யாருலே இதுகளுக்கு அடிக்கப் படிப்பிச்சது?" என்றேன்.

"நான் ஒண்ணும் படிப்பிக்கேல்ல அக்கா. ஒடம்பு எப்பிடியோ, பழக்கம் அப்பிடியாக்கும்."

பின்னால் நின்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "நீளக்கை நம்ம தங்கராஜாக்கும். அச்சு அசல்!"

அண்ணன் பனையேறி. கை முழங்காலைத் தொடும். அந்த வாரம்தான் பனையிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிக் கிடந்தான். அவனிடம் போய் இவர் சொன்னார்: "ஒனக்க தம்பி ஒன்னப் பெட்டிக்குள்ள வச்சு தெனமும் விழத் தள்ளுதான்." விளையாட்டுப் பேச்சாம். உருவம் செய்து விழவைத்தால் நம் ஊரில் அது செய்வினை என்று அவருக்குத் தெரியாதா?

பாளை சீவும் அருவாளோடு அண்ணன் நொண்டி வந்தான். வேடிக்கை பார்க்க இவர் பின்னாலேயே.

"எனக்க ஒடம்ப வச்சு செய்வினையா செய்யுதே, எலே?"

நீ விளக்கத் தொடங்கினாய். ஓடாமல் எதற்கு விளக்கினாய்? முதல் வெட்டு கம்ப்யூட்டரில் விழுந்தது. நீ அதை மறைத்துக் குனிந்தாய். இரண்டாவது உன் கழுத்தில். நான் அண்ணன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பில் பல் பட்டது. அருவாள் விழுந்த பிறகும் விடவில்லை. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஜீப் சேரும் முன்பே என் மடியில் அடங்கிவிட்டாய்.

ஜெயிலிலிருந்து அண்ணன் ஆள் விட்டான். போனேன். "அவன் உள்ளதுக்கு என்னத்தத்தான் செய்தான், சொல்லு பிள்ளே" என்றான். நீ எனக்குச் சொன்னதைச் சொன்னேன்: யாரும் படிப்பிக்கவில்லை, உடம்பு எப்படியோ பழக்கம் அப்படி. கம்பியில் தலையை முட்டி அலறினான். பயத்தில் வெட்டியவன். அவனை மன்னித்துவிட்டேன்.

நீ சொன்னது இன்னும் என்னிடம் இருக்கிறது, தம்பி. யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் அளக்கிறேன். ஆனால் நீ செய்த உடம்பு ஒன்றுக்கும் நாக்கு இல்லை.

கட்டியவன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். அவர் சாகும்வரை நான் சொன்னதில்லை. நான் மன்னிக்காதவன் பேரை இங்கே எழுதுகிறேன்: செல்லப்பன்.