சாங்ஷன் வருவதற்குள்

ஜூன் 3, செவ்வாய்

இங்கே கொழிஞ்சாம்பாறையில் காற்று மட்டும். புதுநகரம் தாண்டியதும் மழை. பாலக்காட்டில் இறங்கி நடப்பதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. பைக்குள் இருந்த காது டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் தப்பித்தன.

முன்னாள் படைவீரர் மருத்துவமனை, கொள்முதல் பிரிவு. கிளார்க் சஜி சார் சீட்டில் இருந்தார், அதுவே பெரிய விஷயம்.

"மேடம், ரேட் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட தீருது, கேட்டோ. ஜூலை முதல் எல்லாம் ஆன்லைன் டெண்டர்."

தெரிந்ததுதான்.

டெண்டர் மாதிரிப் படிவம் ஒன்று கொடுத்தார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். 'தொழிலின் தன்மை' என்று ஒரு கட்டம். 'காது கேட்கும் கருவி சப்ளை' என்று எழுதியதும் கட்டம் நிறைந்துவிட்டது. வீட்டுக்கே போய்க் காதில் அச்செடுப்பது, பொருத்துவது, மெஷின் விசில் அடிக்கிறது என்று போன் வந்தால் மறுபடி ஓடுவது, கேக்குதுங்களா கேக்குதுங்களா என்று தொண்டை வற்றக் கத்துவது. அதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஐந்து வருடமாக இந்த ஒரு ஆபீஸை நம்பித்தான் கடை திறந்திருக்கிறது.

வாங்க வேண்டியவை: பேட்டரி, பஞ்சு, ஸ்பிரிட், மகள் திவ்யாவுக்குக் குடை. குடையை மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து, புத்தகப் பையை என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள்.

ஜூன் 5, வியாழன்

காலை பஸ்ஸில் மீனாட்சிபுரம். வெயில், புழுதிக் காற்று. ஹவில்தார் சின்னச்சாமி, பீரங்கிப் படையில் இருந்தவர். எண்பதை நெருங்கிய வயது. மருத்துவமனை டாக்டர் காது மெஷினுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். வீட்டில் போய் டெஸ்ட் எடுக்க வேண்டியது என் வேலை.

பால் சொசைட்டிக்குப் பின்னால் வீடு. வழி கேட்கவே வேண்டியதில்லை, அவர் பேசுவது ரோடு வரை கேட்கிறது. "வாம்மிணி, உக்காரு" என்பதையே பீரங்கி பக்கத்தில் நிற்கிற மாதிரி சொல்கிறார்.

முன்னறையில் கட்டிலில் அவர் மனைவி மயிலாத்தா. வயிற்றில் கட்டி. கோயமுத்தூரில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். குரல் வெறும் காற்றாக வருகிறது. கிட்டே காதை வைத்தால்தான் புரிகிறது.

கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். "அந்த மெசினு எப்ப வரும் கண்ணு?"

"மேல இருந்து சாங்ஷன் வரோணுமுங்க. ஒரு மாசம் ஆவுமுங்க."

"ஒரு மாசமா."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "இத்தன வருசமும் கத்திக் கத்தித்தான் இந்த மனுசங்கூடக் குடும்பம் பண்ணுனேன். இப்பக் கத்தறதுக்குத் தெம்பில்ல. நாம் பேசறது ஒண்ணுமே அவருக்குப் போய்ச் சேர மாட்டேங்குது."

டெஸ்ட் முடிந்தது. நரம்பு நிறையவே போயிருக்கிறது, ஆனாலும் மெஷினுக்கு எடுபடும். பையிலிருந்த டெமோ செட்டை அவர் காதுக்குப் பின்னால் மாட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன்.

மயிலாத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று யோசித்திருப்பார் போல. கடைசியில், "அந்தச் சட்டையக் கழட்டிப் போடுங்க. நாத்தமடிக்குது."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "செரி புள்ள" என்றார். கத்தவில்லை.

டெமோ செட் கம்பெனியுடையது. கடையில் இருப்பதே அது ஒன்றுதான். சாங்ஷனுக்கு முன்னால் யாருக்காவது கொடுத்தால், ஆர்டர் பிடிக்க இனாம் கொடுத்ததாகத்தான் ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். இருந்தும் அதை அவர் காதிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் இவரிடம் சொன்னேன். வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "டெண்டர் நேரத்துல உனக்கு இது தேவையா?" நியாயமான கேள்வி.

ஜூன் 10, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. தோசை மாவு புளித்துவிட்டது. கடையில் ஒரே ஒரு ஆள், அதுவும் வழி கேட்க.

ஹவில்தார் போன். "பேட்டரி தீந்துபோச்சு அம்மிணி." ஒரு வாரமாவது வர வேண்டியது. ராத்திரியும் கழற்றுவதில்லை என்றால்தான் இப்படித் தீரும்.

மதியம் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்துப் பேசினார். இன்னொரு காதில் விழக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராத்திரியெல்லாம் முனகறா. விடிய விடிய. இத்தன நாளும் இப்படித்தான முனகியிருப்பா? நான் பக்கத்துலயே படுத்து நல்லாத் தூங்கியிருக்கறேன்."

எனக்கு வாயில் வந்தது, எல்லோரிடமும் சொல்வதுதான். "ராத்திரி கழட்டி வெச்சிருங்க. காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணுமுங்க."

"கழட்டறதா?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

புதுப் பேட்டரி போட்டதும் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மயிலாத்தா மூச்சு வாங்கி வாங்கிப் பேசிக்கொண்டே இருக்கிறார். யார் வீட்டோடு யாருக்குப் பேச்சில்லை, எந்தக் கல்யாணத்தில் என்ன மனத்தாங்கல், திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அப்பன் மேல் என்ன கோபம். கொஞ்சம் ஓய்வெடுங்க என்றேன்.

"இருவது வருசத்துச் சங்கதி பாக்கி கெடக்குது கண்ணு. எல்லாத்தையும் சுருக்கித்தான் கத்தியிருக்கறேன் இந்த மனுசங்கிட்ட. சோறு, தண்ணி, மாடு, கரண்ட் பில்லு. அதுக்கு மேல கத்த முடியுமா?"

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பியதை இருவரும் கவனிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். கண்ணில் தூசி என்று இங்கே எழுதி யாரை ஏமாற்ற. அழுதேன். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 14, சனி

மயிலாத்தா போய்விட்டார். பால் சொசைட்டி செக்ரட்டரி போன் செய்து சொன்னார். விடியற்காலையில்.

போனேன். மகள் வந்திருந்தாள். வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ராணுவத்துப் பழைய ஆட்கள் நாலைந்து பேர் வெள்ளைச் சட்டையில். ஹவில்தார் நின்றுகொண்டே இருந்தார். காதில் மெஷின்.

யாரோ ஒருவர் கட்டிப்பிடித்து அழுததில் மெஷின் அமுங்கி விசில் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது விளங்கவில்லை, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார். நான்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் காதுக்குள் ரப்பர் நுனியை அழுத்திச் சரிசெய்தேன்.

ஒரு பெண் இன்னொருத்தியிடம்: "இது ஆரு?"

"காது மெசினு விக்கற பொண்ணு."

ஜூன் 20, வெள்ளி

பாலக்காடு. விடாத மழை. ஆபீஸில் ஃபைல்கள் ஈர வாடை.

சஜி சார் சிரித்த முகம். "மேடம், லக்கி. மூணு சாங்ஷன் ஒன்னிச்சு வந்நு. கான்ட்ராக்ட் தீரும் முன்னாடி கொடுத்துடணும்."

மூன்றில் ஒன்று சின்னச்சாமியுடையது. ஒரு மாதம் ஆகும் என்றேன். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. எப்போதும் இப்படி வருவதில்லை.

கிளம்பும்போது மெதுவாக, "டெமோவை அங்க விட்டது என் காதுக்கு வந்நு. ஆஸ்பத்திரி மேஜர் சார் அறிஞ்சா பிரச்னை. இனி செய்யண்டா, கேட்டோ."

தலையாட்டினேன். குடை வாங்கினேன். நீலம். திவ்யாவுக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

மற்ற இரண்டும் பொருத்தியாயிற்று. நல்லபடியாக. ஒருத்தர் பேரனிடம் மெஷினைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

மீனாட்சிபுரத்தைக் கடைசியாக வைத்திருந்தேன். மகள் திருப்பூர் திரும்பிவிட்டாள். கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். அவர் உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துவந்தார். அதற்குள் துணியில் சுற்றிய டெமோ செட். துடைத்துச் சுத்தமாக.

புதுப் பெட்டியைக் காட்டி, "சாங்ஷன் வந்திருச்சுங்க. இது உங்களுக்கே" என்று கத்தினேன்.

"வேண்டா அம்மிணி." பழையபடி தெருவுக்கே கேட்கிற குரல். "அத மாட்டுனா ஊடு வெறுசாக் கெடக்கறது கேக்குது. கழட்டி வெச்சுட்டா, அவ உள்ள என்னமோ பேசீட்டுத்தான் இருக்கறா, எனக்குத்தான் கேக்கலைன்னு இருந்துக்குவேன்."

ரோட்டில் போன ஒரு ஆள் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கையெழுத்து வேணுமாக்கும் உனக்கு? எங்க போடோணும் சொல்லு." சட்டைப் பையிலிருந்து பேனாவையே எடுத்துவிட்டார்.

'கருவி பொருத்தப்பட்டது. பயனாளிக்குத் திருப்தியாகக் கேட்கிறது.' கீழே ஒரு கோடு.

தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் வரேனுங்க என்று கத்திவிட்டு வந்தேன்.

இவர்: "அந்தாளே போட்டுத் தரேங்கறாரு. உனக்கென்ன? நாளைக்கு மனசு மாறி எடுத்து மாட்டிக்குவாரு. டெண்டர்ல இது எவ்வளவு முக்கியம்னு நீதான சொன்ன?"

மாட்டாத மெஷினுக்குத் திருப்தி என்று அவர் எழுதலாம். நான் எப்படி அதைக் கொண்டுபோய் நீட்டுவது? மயிலாத்தாவின் குரல் இன்னும் காதுக்குள் இருக்கிறது. இப்படிச் சொன்னால் இவர் சிரிக்க மாட்டார். புரியாமல் பார்ப்பார், அது இன்னும் கஷ்டம்.

ஜூன் 30, திங்கள்

சின்னச்சாமியின் பெட்டியைக் கையெழுத்து இல்லாமல் ஆபீஸில் திருப்பிக் கொடுத்தேன். சஜி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு கையெழுத்தல்லே மேடம்?"

மேஜர் சார் கூப்பிட்டு விட்டார். மருத்துவமனைப் பொறுப்பு அவருடையது, அவரும் ஓய்வு பெற்றவர். ஏன் என்று கேட்டார். சொன்னேன். டெமோ விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"புரியுது. ஆனா ரிக்கார்டுல, ஏற்கப்படாத சப்ளைன்னுதான் போகும். எனக்கு வேற வழியில்ல."

"போகட்டுமுங்க சார்."

வெளியே வந்து, எதிரே இருக்கும் இன்டர்நெட் கடையில் டெண்டரைப் போட்டேன். 'முந்தைய சப்ளைகளில் ஏற்கப்படாதவை உண்டா?' என்ற இடத்தில் ஆம். கடைக்காரப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஆம்தானே சேச்சி?"

ஆம்தான்.

ஜூலை 11, வெள்ளி

டெண்டர் வரவில்லை. முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். தூரத்து ஊர்க் கம்பெனி ஒன்றுக்குப் போயிருக்கிறது. அவர்கள் கேட்ட விலைக்கு எப்படியும் என்னால் இறங்கியிருக்க முடியாது. இதை எழுதுவது ஆறுதலுக்கா, உண்மைக்கா, தெரியவில்லை.

சஜி சார் போனில் வருத்தப்பட்டார். நிஜமாகவே. இனிமேல் எல்லோருக்கும் கூரியரில் பெட்டி போகுமாம். நின்றுபோன பழைய சாங்ஷன்களையும் அவர்களே முடித்துக்கொடுப்பார்களாம்.

"வீட்டுக்குப் போய்ப் பொருத்துறது யாருங்க சார்?"

"அது டெண்டர்ல இல்ல மேடம்."

செய்ய வேண்டியவை: டெமோ செட் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப. கடைச் சொந்தக்காரரிடம் வாடகை பற்றிப் பேச. போர்டில் 'படைவீரர் மருத்துவமனை அங்கீகாரம் பெற்றது' என்ற வரியை அழிக்க ஆள் பார்க்க. திவ்யாவின் டியூஷன் பற்றி யோசிக்க.

இவர் பரோட்டா வாங்கி வந்தார். மூன்று பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். என்ன ஓடியது என்று ஞாபகம் இல்லை.

ஜூலை 19, சனி

ஒருவழியாக இங்கும் மழை. காலையிலிருந்து கடையில் யாரும் இல்லை. கணக்கு முடிக்கும் சாக்கில் பழைய பேட்டரிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஹவில்தார் சின்னச்சாமி வந்தார். பஸ்ஸில். நனைந்திருந்தார். கக்கத்தில் ஒரு கூரியர் பெட்டி, டேப்கூடப் பிரிக்காமல். வேண்டாம் என்று சொன்னது எந்த ஃபைலிலும் ஏறவில்லை. சாங்ஷன் அதுபாட்டுக்குப் போய், மெஷின் அதுபாட்டுக்கு வந்திருக்கிறது.

பெட்டியை என் மேஜையில் வைத்தார். "இத மாட்டி உடு அம்மிணி."

ஏன் என்று கையால்தான் கேட்டேன்.

"மாடு ராத்திரி கன்னு போட்டிருக்குது. கத்தியிருக்குது. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் கேட்டிருக்குது, நாந்தான் எந்திரிச்சுப் பாத்துட்டிருக்கறேன்னு இருந்துட்டாங்க. காலைல போய்ப் பாத்தா கன்னு செத்துக் கெடக்குது." நிறுத்தினார். "நக்கிக் குடுத்துட்டே நிக்குது அது."

அந்த ஆபீஸுக்கும் எனக்கும் இப்போது சம்பந்தம் இல்லை. அந்தக் கம்பெனியின் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துச் சரிசெய்ய என்னிடம் கேபிளும் இல்லை. பெட்டியில் இருந்த ரப்பர் நுனி அவர் காதுக்குப் பெரிது. என்னிடமிருந்ததில் ஒன்றைத் தேடிப் போட்டேன். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டன். அதைவைத்து முடிந்தவரை.

தகரக் கூரையில் மழை. முதலில் அதைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், மேலே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏதாச்சும் பேசு பாக்கலாம்."

எப்போதும் கேட்கும் 'கேக்குதுங்களா' வாயில் வரவில்லை. அவர் சட்டையைப் பார்த்தேன், தொழுவத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல அம்மிணி" என்றார். "ஆரும் கேக்கல."

ஷட்டரை இறக்கிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்புற மெஸ்ஸுக்குப் போனேன்.