ஷட்டர் இறக்கிய பஸ்

ஜூன் 2, திங்கள்

என் மனைவி பிரேமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேப். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் பார்வை பறிபோனபோது அவள் விட்ட வேலை இது. ஐந்து வருஷமாக அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நேமத்திலிருந்து சாலைச் சந்தையில் இருக்கும் கடைக்குப் போகிறேன். அங்கே போனில் ஆர்டர் எடுப்பது என் வேலை. நெய்யாற்றின்கரை நேர் எதிர்த்திசை.

"வேண்டாம்னு சொல்லிரட்டா?" என்றாள், சாதாரணமாக.

ஜூன் 3, செவ்வாய்

போனில் வழி சொல்லும் ஆப் ஏற்றியாயிற்று. பிரேமா கூட வரலாம், வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு காதுக்குப் போன், மறு காது ரோட்டுக்கு.

வலப்பக்கம் மருந்துக்கடை. அடுத்து தையல்கடை. பத்து மீட்டரில் சந்து... தினமும் நடக்கும் தெருவில் தையல்கடை இருப்பதே இன்றுதான் தெரியும்! ஆகாயத்தில் எங்கோ சுற்றுகிற ஒன்று, நேமத்தில் செருப்பைத் தேய்த்து நடக்கும் இந்தச் செல்வினைக் கண்டுபிடித்து வழி சொல்கிறது. கர்த்தாவே! புல்லரித்து நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"என்ன, வயிறு சரியில்லியா?" என்று பிரேமா சட்டத்தை மீறினாள்.

ஜூன் 4, புதன்

தனியாகப் போனேன். மானம் போயிற்று.

பழவங்காடியில் இறங்கி ரோட்டைக் கடந்தால் சாலை. வெள்ளைக் கம்பைப் பார்த்ததும் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தொழான் வந்ததல்லே? வா சேட்டா, ஞான் கொண்டாக்காம்." சாமி கும்பிட வந்தேனாம், கொண்டுபோய் விடுகிறாராம். இல்லை, சாலைக்கு என்கிறேன், "பேடிக்கண்டா", பயப்படாதே என்று இழுக்கிறார். போன் வேறு, பாதை மாறிவிட்டது என்று காதில் கத்துகிறது. திடீரென்று காலடியில் ஒரு தேங்காய் சிதறியது. பிள்ளையார் கோயில் வாசல்! ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். அவர் என் கையிலும் ஒரு தேங்காயை வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தேங்காயைக் கொடுத்து உடைக்கச் சொன்னேன். பிறகு பிரேமாவை வரச்சொல்லிப் போனில் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது. வேறு என்ன செய்வேன்?

"வெள்ளிக்கிழம வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

அந்தக் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் நாள் முழுக்க ஓயாதே! அது முதுகுக்குப் பின்னால் கேட்டால் நான் சாலையைப் பார்த்து நிற்கிறேன் என்று அர்த்தம். போன் பாதி, தேங்காய் பாதி. நாளைக்கு ஒரு தடவை பார்த்துவிடுவது.

ஜூன் 6, வெள்ளி

மறப்பதற்குள் போனில் பேசியே எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸில் ஏறும்போதே மழை கொட்டியது. ஜன்னல் ஷட்டர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று ஆளாளுக்குப் புலம்பல், எனக்கு வழக்கம்போலத்தான். கண்டக்டர் முன்பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

"எவிட எத்தி மோனே?" என்றாள் பக்கத்து அம்மா, எந்த இடம் வந்திருக்கிறது என்று. "கைமனம்" என்றேன், காதில் போன் சொன்னபடி. அடுத்து நீரமங்கரை. பின்னாலிருந்து ஒருவர், "கரமன ஆயோ?" "ஆற்றுப்பாலம் வரப்போகுது, அது கழிஞ்சு" என்றேன். டயரின் சத்தம் மாறியது. பாலம்! பிறகு நானே உரக்கச் சொல்லத் தொடங்கினேன். கரமனை! கிள்ளிப்பாலம்! என் சொல்லை நம்பிக் கண்ணுள்ளவர்கள் எழுந்தார்கள், இறங்கினார்கள். அழுதுவிட்டேன். ஷட்டர் இறக்கிய இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

பழவங்காடியில் தேங்காய்க்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒரு கை மணிக்கட்டுக்கு வந்தது. "சாலைக்காணு. முழங்கை தா சேட்டா" என்றேன். கொடுத்தார். கடந்தோம்.

கடையில் வெங்கிடேஷ் அண்ணாச்சி, "பிரேமா எங்கடே?" என்றார்.

"வீட்டுல."

அவளுக்குப் போன் செய்து சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப லேபுக்குக் கூப்பிடட்டா?" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

இந்த வீட்டுக்கு ஐந்து வருஷமாக ஒரே சாவிதான். சனிக்கிழமை இன்னொன்று வெட்டினோம். பிரேமா ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். எட்டரைக்கு நான் வீட்டைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.