சட்டைப்பையில் ஒரு ரிமோட்

எங்கள் வீட்டு இன்ஜினியர் அவர்களுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். கோபம் உங்கள் மேல்தான், உங்கள் வயிற்றின் மேல் இல்லை.

படகைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கும் லிஃப்டில் நீங்கள் மாட்டிய ரிமோட் இணைப்பைப் பார்க்க சாயங்காலம் மெக்கானிக் வருவார். “நானே மாட்டிட்டேன், யாரும் வர வேண்டாம்”னு வாசலோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நேற்று நான் படகுக்குள் நின்று கழுவிக்கொண்டிருக்கிறேன். நீங்களோ ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சோபாவில் குப்புறப் படுத்துவிட்டீர்கள். பட்டன் அமுங்கி, வாளியும் கையுமாக நான் படகோடு மேலே போய்விட்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். உங்கள் குறட்டைதான் பதில் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி வைத்து என்னை இறக்கினார். அதற்கப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்டீர்களே ஒரு கேள்வி: “ஏன் பாதியிலயே விட்டுட்ட?”

மீதிப் பாதியை இன்று நீங்கள் கழுவுங்கள். ரிமோட் என் கைப்பையில் இருக்கிறது. நான் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

— மேலே போய் வந்தவள்

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்) பயப்படாமல் கழுவுங்கள். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். இனிமேல் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் புரண்டு படுக்கலாம்.