மலையை மேலே வைத்து வரைந்தவளுக்கு

பொம்மி,

இன்று காலை கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சாரல் விழுந்தது. கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தால், அலமாரி மேலிருந்து உன் போன் 'டிங்' என்றது. அதற்கு இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கென்று உன் அண்ணன் கேட்பதில்லை. ரீசார்ஜ் மட்டும் செய்துவிட்டுப் போய்விடுகிறார்.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். சீசன் வந்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கூடிப் பேசும் அந்த இணையக் குழுவில் உன்னைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா, தண்ணி எப்படி வருது?" என்று நாலைந்து பேர். அதற்குக் கீழே மதுரையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். "எங்கம்மாவுக்கு நடக்க வராதுக்கா. வீல்சேர்ல கூட்டிட்டு வாரோம். எங்க குளிக்க வைக்கலாம்னு உங்க கையால ஒரு மேப் போட்டுத் தாங்க. ஒரு தடவையாவது அருவியில நிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

நீ மார்கழியில் போய்விட்டாய் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. அந்த ஓர் இடத்திலாவது நீ இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

நான் உன் அண்ணனுக்கு வாக்கப்பட்டுத் தென்காசிக்கு வந்தபோது நீ பாவாடை சட்டை போட்ட பிள்ளை. சின்ன வயதுக் காய்ச்சலில் கால்கள் இரண்டும் போய்ச் சக்கர நாற்காலியில் இருந்தாய். வந்த மறுநாளே, "மதினி, ஒங்களுக்கு என்னல்லாம் சமைக்கத் தெரியும்? மொதல்லயே சொல்லிருங்க, எனக்கு ஆசை காட்டக் கூடாது" என்றாய். அன்றைக்கே நமக்குள் ஒட்டிக்கொண்டது. நான் ஐந்தாவதோடு நின்றவள். நீ வீட்டிலிருந்தே படித்துக் கம்ப்யூட்டரும் கற்றவள். குழுவில் நீ என்ன எழுதினாலும் எனக்கு வாசித்துக் காட்டுவாய்.

சீசன் மாதங்களில் குற்றாலம் பஜாரில் பழக்கடைக்கு வேலைக்குப் போவேன். மங்குஸ்தானும் ரம்புட்டானும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அதற்கு முன்னால் அருவிக்கரைக்குப் போய்ப் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும், அது நீ எனக்குக் கொடுத்த வேலை. தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சுக்கு உள்ளே விழுகிறதா, தாண்டி விழுகிறதா என்று படத்தில் தெரிய வேண்டும். தாண்டினால் குளிக்க விடமாட்டார்கள் அல்லவா. முதல் வாரம் நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "அருவிய எடுக்கச் சொன்னா பெருவெரல எடுத்துட்டு வந்திருக்கிய!" என்று சிரித்தாய். அதையும் குழுவில் போட்டாய். 'எங்க மதினி எடுத்தது' என்று எழுதினாய். அதிலிருந்து முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நான் மதினியாகிவிட்டேன்.

படத்தோடு நிற்காமல் வழியும் வரைந்து போட ஆரம்பித்தாய். காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, ஸ்கெட்ச் பேனாவால். எங்கே வண்டி நிறுத்தலாம், பெண்கள் துணி மாற்ற எங்கே போகலாம், எங்கே பாசி வழுக்கும், எங்கே குரங்கு பையைப் பிடுங்கும். நான் நடந்து பார்த்து வந்து சொல்வேன். நீ உட்கார்ந்து வரைவாய்.

அந்தச் சென்னைக் குடும்பத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நீ எப்போதும் மலையைத்தான் தாளின் உச்சியில் வைப்பாய். நம் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் மேற்கே மலைதானே எதிரே நிற்கிறது. அவர்களோ தாளின் உச்சி என்றால் வடக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். தென்காசியிலிருந்து நேரே வடக்கே காரை விட்டு, அச்சன்புதூர் வயல்காட்டில் போய் நின்று படம் அனுப்பினார்கள். "அக்கா, இங்க வரப்புதான் இருக்கு. அருவி எங்க?"

உனக்கு முகமே செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிச்சிருங்கண்ணே, தப்பு என் பேர்லதான். பக்கத்துல பம்புசெட்டு ஓடுதா பாருங்க. ஓடுச்சுன்னா கேட்டுட்டு அதுல ஒரு குளியல் போட்டுட்டு வாங்க. வழி நான் சொல்லுதேன்" என்று எழுதினாய். அவர்கள் நிஜமாகவே குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்டப் படம் போட்டார்கள்!

துபாயில் வேலை பார்க்கிற கடையநல்லூர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வடக்க மேல வச்சுப் போடும்மா. ஊரு உலகத்துல அப்படித்தான் போடுதாவ" என்றார். உனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் முழுக்க அப்படி வரைந்து பார்த்தாய். "பாருங்க மதினி, மலை குடிச்சவன் மாதிரி பக்கத்துல சாஞ்சு கெடக்கு." கடைசியில் மலையை மறுபடி உச்சிக்கே ஏற்றிவிட்டு, ஓரத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டு 'வடக்கு இந்தப் பக்கம்' என்று எழுதினாய். அதன் பிறகு ஒருவரும் அச்சன்புதூருக்குப் போகவில்லை.

அந்த மதுரைப் பெண்ணுக்கு உன் பழைய மேப்பையே அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த சீசனுக்குள் அருவிக்குப் போகிற வழியை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நம்பி வந்துவிட்டு அந்த அம்மா பாதியில் நிற்கக் கூடாது. உன் அண்ணனிடம் சொன்னேன். "ஏட்டி, அவ இல்லன்னு எழுதிப் போட்டுரு. எத்தன நாளைக்கு மறைப்ப?" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்குப் போகுமுன் வழி முழுவதும் நடந்து பார்த்தேன். மத்தியானம் ஆள் குறைந்ததும், பழப்பெட்டியில் விரித்து வருகிற தாளை நீவிவிட்டு வரைய உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் கடையிலிருந்துதான் ஆரம்பம், அதனால் எங்கள் கடை அருவியைவிடப் பெரிதாக வந்துவிட்டது. சக்கரம் எதுவரை உருளும், படி எங்கே வரும் என்பதைப் பார்த்தபடி போட்டேன். நீ எப்போதும் போடுவதுபோல் படிக்குப் பக்கத்தில் ஒரு கையும் வரைந்தேன். நீ வரைகிற கைபோல் இல்லை, வாழைப்பூபோல் இருந்தது. அதன் கீழ் நீ எழுதுவதையே எழுதினேன்: 'இங்கே நின்று கூப்பிடவும். ஆள் வரும்.'

பிறகு அதை உன் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி இதையும் எழுதினேன். 'இது பொம்மி வரைந்தது இல்லை. அவள் மார்கழியில் இறந்துவிட்டாள். நான் அவள் மதினி.'

பிறகு கடையநல்லூர் அண்ணன், "மதினி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்று மட்டும் போட்டார். அந்த மதுரைப் பெண், "இப்பவும் நாங்க வரலாமா மதினி?" என்று கேட்டாள். வாங்க, படிக்கிட்ட நான் நிக்கேன் என்று எழுதினேன். நாளைக் காலை வருகிறார்கள்.

அந்தக் கையை வரையும்போது நீ அருவியில் குளித்த நாள்தான் கண்ணில் நின்றது. பெண்கள் பக்கம் உன் அண்ணன் வர முடியாது. படியில் உன்னை நாற்காலியோடு இறக்க என் ஒருத்தியால் ஆகவில்லை. நான் முழித்துக்கொண்டு நிற்க, நீ கூச்சமே இல்லாமல், "யாராச்சும் ஒரு கை குடுங்களேன்!" என்று சத்தம் போட்டாய். புளியறை எல்லை தாண்டி வந்திருந்த இரண்டு மலையாளத்துப் பெண்கள் ஈரச் சேலையோடு ஓடிவந்து தூக்கினார்கள். தண்ணீர் தலையில் விழுந்ததும் நீ போட்ட கூச்சலில் மொத்தக் கூட்டமும் சிரித்தது. தண்ணீர் தள்ளத் தள்ள நாங்கள் மூன்று பேரும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த இழுப்பு இப்போதும் என் கையில் இருக்கிறது. சோறு வடிக்கும்போதும், பெட்டி தூக்கும்போதும் தெரிகிறது.

அடுத்தவர்களுக்கு வழி விடச் சொல்லிப் போலீஸ்காரம்மா விசில் ஊதினார்கள். அந்தப் பெண்கள் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று சைகை காட்டினார்கள். நீதான் உதடு வெடவெடக்க, "போதும் மதினி, பாவம், அவங்களுக்குக் கை வலிக்கும்" என்றாய். அதற்குப் பிறகு அருவிக்குக் கூட்டிப்போ என்று ஒருநாளும் நீ கேட்கவில்லை.

நிஜமாகவே உனக்குப் போதுமாக இருந்ததா, பொம்மி?