மொட்டைக்குச் சொன்ன காரணம்

3.12.88
காலையிலிருந்து தூறல். நூல் வரவில்லை, பேண்டேஜ் துணி நெய்யும் தறி நின்றது. மதியமே வீடு.

செல்வம் தானாகக் கேட்டு இட்லி சாப்பிட்டான். அவன் அம்மா போன பிறகு பேச்சில்லாமல், தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த பிள்ளை. பதினாறு வயது. மதுரையில் தலைக்குக் கரண்ட் வைத்துத்தான் மீண்டான். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதத்து ஞாபகமே அவனிடம் இல்லை. அம்மா செத்தது, கொள்ளி வைத்தது, எதுவும்.

கண்ணாடி பார்த்தான். "முடியெல்லாம் எங்கப்பா? மொட்டை போட்டாகளா?"

என் அக்கா முந்திக்கொண்டாள். "கோயிலுக்கு நேந்துக்கிட்டம்லா, அதாம்லே." அம்மா எங்கே என்றதற்கும் அவளே: "கூமாப்பட்டிக்கு, பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா." நான் மறுக்கவில்லை. மாலை போட்ட அவள் படத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன்.

5.12.88
ஸ்ரீவில்லிபுத்தூர், டாக்டரிடம். பஸ்ஸில் நின்றபடியே. இவனுக்கு ஒரு பயிற்சி: கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது. பிறகு நினைவுக்கு வருவதை ஒவ்வொன்றாகத் தெரியும், சந்தேகம், தெரியாது என்று பிரிப்பது. "எது ஞாபகம் இல்லைன்னு அவனுக்கே புரியணும். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. பொய் மட்டும் கூடவே கூடாது." என்னைத் தனியே அழைத்து, "அம்மா இறந்ததைச் சொல்லிட்டீங்கள்லா?" என்றார். ஆமாம் என்றேன்.

வாங்க வேண்டியது: மாத்திரை, சீயக்காய், எள்.

7.12.88
மழை விட்டது. பயிற்சி. பள்ளிக்கூடம், தெரியும். மதுரை ஆஸ்பத்திரி, சந்தேகம். கணக்கு சார் பேர், தெரியாது. சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

பிறகு: "மொட்டை நல்லாத் தெரியும். அம்மா பக்கத்துல உக்காந்து முடியை மடியில வாங்குனா. தலையில சந்தனம் தடவுனா. குளுகுளுன்னு இருந்துச்சு."

சந்தனம் பற்றி நாங்கள் யாரும் சொல்லவே இல்லை. மடி பற்றியும். அக்கா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

8.12.88
நாளை அமாவாசை. அவளுக்கு எள்ளும் தண்ணீரும் மகன்தான் விட வேண்டும்.

அக்கா: "சும்மா கூட்டிட்டுப் போயி விடச் சொல்லு. யாருக்குன்னு கேக்கவா போறான்?"

"கேப்பான்க்கா."

சாயங்காலம் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து உயிர் போனது. அவன் கொள்ளி வைத்தது. மொட்டை அதற்குத்தான் என்பது. நாங்கள் சொன்னது பொய் என்பதும்.

அழுவான் என்று கையைப் பிடித்திருந்தேன். அழவில்லை. கண்ணை மூடி, டாக்டர் சொன்னபடி மூச்சைக் கவனித்தான். பிறகு நிதானமாக:

"அம்மா மடியில முடி விழுந்தது தெரியும்ப்பா. நீங்க சொல்லுததுதான் சந்தேகம். அம்மா வந்தபொறவு கேட்டுக்கிடுதேன்."