மேலே இருந்த தட்டு

தை 8, வெள்ளி, 1966

காலையில் பனி. கோட்டை மலை பாதிதான் தெரிகிறது. மேல்மலையனூருக்கு அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள். இப்போதுதான் எழுத்துக் கற்கும் நான் நின்று பலகைகளைப் படித்தேன். ஐந்தாவது பஸ்ஸை எழுத்துக் கூட்டாமலே!

தொலைநோக்கிக் கொட்டகையில் வேலை: நட்சத்திர ஒளி பதிந்த கண்ணாடித் தட்டு இரண்டை அலசுவது. முதலில் கிட்டத்து நட்சத்திரம், அடுத்தது தூரத்து நட்சத்திரம். காயவைத்துப் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் பத்மா அம்மா எடுத்து உறையிலிட்டுப் பெயர் எழுதினார்.

அம்மா விளக்கியது: வழி நெடுகத் தூசி. தூரத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு நிறத்தை அங்கே ஏதோ தின்றுவிடும். என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாதாம். தின்ற இடம் தட்டில் மங்கல் பட்டை. அதைத்தான் அளக்கிறார். அறுபத்தெட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தெரிகிறது!

முதல் தட்டின் மூலையில் என் கையால் ஒரு சில்லு பெயர்ந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

தை 9, சனி

அம்மா சாப்பிடவில்லை. "பட்டை கிட்டத்து நட்சத்திரத்துல இருக்கு, பெரியவரே. தூரத்துல இல்ல. அப்போ கருவியிலதான் கோளாறு."

நாளை சென்னையிலிருந்து பேராசிரியர். அவர் இதைப் பார்த்தால் அம்மாவின் மூன்று வருஷ அளவும் வீண். கொட்டகைக்குப் பூட்டு.

வீட்டில் என் மனைவி குப்பு, பானையில் பழைய புளியின் மேலே புதுப் புளியை வைத்தாள். கத்தினேன். "புதுசு அடியில, பழசு மேல! எத்தினி வாட்டி சொல்றது?"

"இன்னாய்யா, இது உன் மளிகைக் கடையா?"

கடையில் நாற்பது வருஷம் அப்படித்தான் அடுக்கினேன். தட்டுகளையும் அப்படித்தானே? மேலே இருந்தது முதல் தட்டு. கடைசித் தட்டு என்று எண்ணி அம்மா அதன் உறையில் 'தூரம்' என்று எழுதியிருப்பார்.

சொன்னால் சில்லு பெயர்ந்ததும் வெளியே தெரியும். வேலை போகும்.

தை 10, ஞாயிறு

வெயில். பேராசிரியர் வந்தாயிற்று. பூட்டும் சாவியும் மேசைமேல். அடுக்கிய விதத்தைச் சொன்னேன்.

"இதை எப்படி நம்பறது?" என்றார் அவர்.

இந்த நோட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமையைப் படித்தேன், சில்லு வரை. எழுத்துக் கூட்டித்தான்.

அம்மா 'தூரம்' உறையைப் பிரித்தார். தட்டின் மூலையில் சில்லு பெயர்ந்திருந்தது: கிட்டத்து நட்சத்திரம்தான்.

பிறகு அம்மா இரண்டு புது உறைகளை என் பக்கம் தள்ளினார். "பேரை நீங்களே எழுதுங்க, பெரியவரே."

எழுதினேன். 'தூ'வுக்கு மட்டுமே எவ்வளவு நேரம். பேராசிரியருக்குப் பஸ் இருந்தது. அவசரப்படுத்தவில்லை.