வாளித் தண்ணியும் குழாய்த் தண்ணியும்

கப்பல், மார்ச் 4

என் கணக்குப்பிள்ளைக்கு,

சௌக்கியமா? நம்ம மக சாப்பிடுறாளா, இல்லை தட்டைத் தூக்கிட்டு அவ பின்னாடி ஓடுறீங்களா? இங்கே சாப்பாட்டுல உப்பே இல்லை. சுத்தி கடல் இருந்தும் இந்த லட்சணம்!

மூணு நாளா கடல் பச்சையா இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பாசி, கோடிக்கணக்குல. வெயிலைக் கீழே விடாம மேலேயே பிடிச்சு வெச்சுக்குது. வாளி விட்டு மேல்தண்ணியை மொண்டா இருபத்தொன்பது டிகிரி. கப்பலுக்கு அடியில குழாய் இழுக்கிற தண்ணி இருபத்தேழு. இந்த வித்தியாசம்தான் என் ஆராய்ச்சியே. இது நிலைச்சா இயக்குநர் அடுத்த பயணத்துக்கும் என்னையே அனுப்புவார். ரெண்டு அளவும் நம்ம ஆபீஸ்ல உங்க மேசைக்குத்தான் வரும், பார்த்துப் பதிவேட்டுல ஏத்துங்க.

உங்க கப்பல்காரி

வீடு, மார்ச் 12

அன்பு கப்பல்காரிக்கு,

பாப்பா நல்லா இருக்கா. உன் தலையணையை என்னைத் தொடவே விடமாட்டேங்கிறா. குளியலறைக் குழாய் ஒழுகுது. பிளம்பர் 'இதோ வந்துட்டேன்'னு ஒரு வாரமா வந்துக்கிட்டே இருக்கார்.

உன் அளவு வந்துச்சு. ஒரே இடம், ஒரே நேரம், ரெண்டு சூடா? வாளி வெயில்ல கிடந்திருக்கும்னு நினைச்சு, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி இருபத்தெட்டுன்னு இயக்குநருக்கு அனுப்பிட்டேன். சீக்கிரம் வந்து சேர்.

உன் கணக்குப்பிள்ளை

கப்பல், மார்ச் 19

கணக்குப்பிள்ளைக்கு,

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சுட்டீங்களே! வாளி நிழல்லதான் இருந்துச்சு. மொண்ட கையோட அளந்தேன். வீட்டுலயும் உங்க வழக்கம் இதுதானே? நான் நீலம் கேட்டேன், நீங்க மஞ்சள் கேட்டீங்க, கடைசியில யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சைச் சுவர்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் மறுபடி கிளம்பக் கூடாதுன்னு செஞ்சீங்களா?

நான்

வீடு, மார்ச் 27

அன்பு கப்பல்காரிக்கு,

சத்தியமா இல்லை. ஆனா உன் கடிதத்தைப் படிச்சதும், 'அப்படியே விட்டுடேன்'னு மனசு சொல்லுச்சு. ரெண்டு நாள் விட்டும் வெச்சேன். அப்புறம் பொறுக்க முடியாம இயக்குநர் அறைக்குப் போய், தப்பு என்னோடதுன்னு சொல்லி, பாசிக் கதையையும் நானே சொன்னேன். பாதியில உளறினேன், சிரிச்சார். நீ அனுப்பின அளவு அப்படியே ஏறிடுச்சு. ஜூன்ல நீதான் போறே.

உனக்காகச் சந்தோஷப்படணும்னு தெரியுது. இன்னும் வரலைம்மா, பொய் சொல்ல மனசில்லை.

'அம்மா இனிமே எங்கேயும் போக மாட்டா'ன்னு பாப்பாகிட்ட சொன்னவன் நான். அவ அதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா. நீ வந்து உண்மையைச் சொல்லி அவளை அழ வைக்க வேண்டாம். நீ கரை சேர்றதுக்குள்ள, அம்மா ஜூன்ல மறுபடி போவான்னு நானே சொல்லிடறேன்.

உன் கணக்குப்பிள்ளை